கல்லைப் படித்துவிட்டுக் காட்டுக்குப் போவோம்
போரிவலி தேசியப் பூங்காவுக்குச் செல்லுமுன் ஒரு சிறு பாடம்

மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் போரிவலி தேசியப் பூங்காவுக்கு ஒரு தடவையாவது போகாதவர்கள் குறைவு. ஊரிலிருந்து உறவினர் வந்தால் கேட்வே, மகாலட்சுமி கோயில், எலிபெண்டா என்று காட்டுவோம். அதற்கு மேலும் ஒரு நாள் மிஞ்சினால் போரிவலி. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய், கன்ஹேரிக் குகைகளை ஒரு சுற்றுச் சுற்றி, குரங்குகளிடமிருந்து தின்பண்டங்களைக் காப்பாற்றிக்கொண்டு மாலையில் திரும்புவோம். “என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டால் “குகை பார்த்தோம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் குகைகள் எந்தக் கல்லில் குடையப்பட்டன, அந்தக் கல் எப்படி அங்கே வந்தது என்று தெரிந்துகொண்டு போனால், அதே பயணம் வேறு பயணமாகிவிடும். எந்த மாதம் போகலாம், எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதெல்லாம் கூடக் கல்லைப் பார்த்தே விளங்கும். நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன். படித்தது சிவில் டிப்ளமா மட்டுமே. புவியியல் பண்டிதன் அல்லன். ஆனால் ஜல்லி, சுரங்கம், மலைச்சரிவு என்று இந்த மேற்குக் கரைக் கல்லோடுதான் என் காலம் கழிந்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு, பூங்காவுக்குப் போக விரும்பும் அன்பர்களுக்கு ஒரு முன்பாடமாக இதை எழுதுகிறேன்.

எரிமலை எங்கே?

போரிவலி பூங்காவின் இன்றைய பெயர் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 104 சதுர கிலோமீட்டர். ஒரு பெருநகரத்தின் எல்லைக்குள் இவ்வளவு பெரிய காடு இருப்பது உலகிலேயே அபூர்வம். அந்தக் காடு முழுவதும் எரிமலைக் கல்லின் மீதுதான் நிற்கிறது.

“எரிமலை என்கிறீர்களே, உச்சியில் வாய் பிளந்த மலை எங்கே?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்படி ஒரு மலையைத் தேட வேண்டாம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பூமி பல இடங்களில் நீளநீளமாக வெடித்து, அந்த வெடிப்புகள் வழியே கற்குழம்பு பொங்கி வழிந்து, சமவெளியில் வெள்ளம் பரவுவது போலப் பரவியது. ஒரு அடுக்கு ஆறிய பின் அதன்மேல் இன்னொரு அடுக்கு, அதன்மேல் மற்றொன்று. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்தக் கல் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் அதன் மொத்தக் கனம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். மும்பைப் பகுதிக் கற்கள் பெரும் பொங்கலுக்குச் சில பத்து லட்சம் ஆண்டுகள் பிந்தியவை என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

இந்தக் கல்லை நூல்களில் ‘தக்காண டிராப்’ என்பார்கள். டிராப் என்பது படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடன் நாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. பொருத்தமான பெயர்தான். புனே போகும் வண்டியில் கர்ஜத் தாண்டியதும் ஜன்னல் வழியே பாருங்கள். மலைகள் கூம்பாக இராமல், படிப்படியாக மேலேறும். ஒவ்வொரு படியும் அடுக்கின் விளிம்பு. 1863-ல் திறக்கப்பட்ட போர் காட் பாதையில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வண்டி ஏறுவதற்குப் பின்னால் இஞ்சின் சேர்ப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த இஞ்சின்கள் தள்ளுவது எரிமலைக் குழம்பின் படிக்கட்டில்தான்.

நம் ஊர்க் கருங்கல்லும் இந்த ஊர்க் கருங்கல்லும்

நம்மவர்கள் செய்யும் ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும். கறுப்பாக, கடினமாக இருக்கும் எந்தக் கல்லையும் நாம் ‘கருங்கல்’ என்று சொல்லிவிடுகிறோம். பல்லாவரம், பரங்கிமலைக் கல்லும் கருங்கல். இங்கே அந்தேரியில் இருப்பதும் கருங்கல். பெயர் ஒன்றானாலும் இரண்டும் வேறு சாதி.

பல்லாவரத்துக் கல்லுக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தா நகரத்தோடு பெயர் இணைந்த ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைக்கு அந்தக் கல்லை அங்கிருந்து கொண்டுபோனார்கள். அதை ஆராய்ந்த ஹாலந்து என்ற புவியியலாளர் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். அது பூமியின் மிக ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பலநூறு கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. கையில் எடுத்துப் பார்த்தால் மணிமணியான படிகங்கள் கண்ணுக்குத் தெரியும்.

மும்பைக் கல்லான பசால்ட், பூமியின் மேற்பரப்பில் வழிந்து சீக்கிரம் ஆறியது. சீக்கிரம் ஆறியதால் படிகங்கள் பெரிதாக வளர அவகாசம் கிடைக்கவில்லை. ஆகவே மை போல நுண்ணிய மணிகளோடு ஒரே கறுப்பாக இருக்கும். பாகு காய்ச்சி மெதுவாக ஆறவிட்டால் கற்கண்டு விளைகிறது. சட்டென்று குளிரவைத்தால் மிட்டாய்ப் பாளமாகிறது. அதே தத்துவம்தான்.

ஜல்லி சொல்லும் பாடம்

போரிவலி ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும்போதே பாடத்தைத் தொடங்கிவிடலாம். பிளாட்பாரத்தில் நின்றபடியே தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஜல்லியைப் பாருங்கள். இறங்கிப் பார்க்க வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே நன்றாகத் தெரியும். இந்தப் பகுதியில் அது பெரும்பாலும் பசால்ட்தான்.

ஜல்லிக்கு ரயில்வேயில் கடுமையான பரீட்சைகள் உண்டு. அளவு 65 மில்லிமீட்டரிலிருந்து 20 மில்லிமீட்டர் வரை. முனைகள் கூராக இருக்க வேண்டும். உருண்டைக் கல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாது. அடித்துப் பார்க்கும் சோதனையில் பொடியாவது 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தண்ணீர் உறிஞ்சுவது 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நல்ல பசால்ட் இவற்றில் சுலபமாகத் தேறும். சோதனைச்சாலை அறிக்கை வருவதற்கு முன்பே எங்கள் கேங்கில் இருந்த ஒரு பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். ‘கணீர்’ என்றால், “எடுத்துக்கோங்க சாப்” என்பார். ‘பொத்’ என்றால் பேசாமல் அடுத்த குவியலுக்குப் போய்விடுவார். அறிக்கை வரும்போது அவர் சொன்னதே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இந்தக் ‘கணீர்’, ‘பொத்’ இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பார்க்கப்போகும் இரண்டு இடங்களில் முதலாவது கணீர்க் கல். இரண்டாவது பொத்துக் கல்.

முதல் இடம்: கில்பர்ட் மலை

பூங்காவுக்கு முன்னால் அந்தேரி மேற்கில் இருக்கும் கில்பர்ட் மலையைப் பார்த்துவிடுவது நல்லது. பவன்ஸ் கல்லூரிக்கு அருகே, கட்டடங்களுக்கு நடுவே சுமார் 200 அடி உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் கறுப்புப் பாறை அது. உச்சியில் காவ்தேவி, துர்க்கை கோயில்கள் உள்ளன. பாறையிலேயே வெட்டிய படிகள் வழியே மேலே போகலாம்.

ஆனால் பார்க்க வேண்டியது பாறையின் பக்கவாட்டை. பென்சில்களைக் கட்டாகக் கட்டி நிறுத்தியது போல நெடுநெடுவென்று தூண்கள் தெரியும். யாரும் செதுக்கியவை அல்ல. கற்குழம்பு ஆறும்போது சுருங்கும். ஏரி வற்றினால் சேறு பாளம்பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அதே போலக் கல்லும் வெடிக்கிறது. ஒரே சீராக ஆறினால் வெடிப்புகள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு பக்கக் கட்டங்களாக அமையும். சேறு வெடிப்பது சில அங்குல ஆழம். கல்லிலோ, குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்க வெடிப்பும் கூடவே இறங்குகிறது. அதனால் கட்டங்கள் தூண்களாகின்றன. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் ‘டெவில்ஸ் டவர்’ என்ற இதே வகைத் தூண்பாறையை 1906-லேயே அந்நாட்டின் முதல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். நம் நாட்டிலும் உடுப்பிக்கு அருகே மால்பே கடலில் செயின்ட் மேரீஸ் தீவுகளில் எரிமலைத் தூண்கள் உள்ளன.

கில்பர்ட் மலை ஒரு காலத்தில் தனியாக நிற்கவில்லை. ஜோகேஸ்வரி பக்கம் வரை இத்தகைய தூண்களோடு ஒரு மேடு நீண்டிருந்தது. கல் உடைத்து உடைத்து அது போய்விட்டது. தூண்பாறையை உடைப்பது சுலபம். ஏற்கெனவே வெடித்திருப்பதால் நெம்பினாலே பெயர்ந்து வரும். உடைத்தால் வருவது முதல்தரமான கல். வீட்டுக்கும் சாலைக்கும் ஜல்லி எல்லோருக்கும் வேண்டியிருந்தது. 1952-ல் கில்பர்ட் மலைக்குச் சட்டப்படி பாதுகாப்பு அளிக்கப்பட்டது. 2007-ல் மாநகராட்சி அதைப் பாரம்பரியச் சின்னங்களின் இரண்டாம் தரப் பட்டியலில் சேர்த்தது. அதனால் இந்த ஒரு துண்டாவது மிஞ்சியிருக்கிறது. நம் பேரப்பிள்ளைகளுக்கு இதை எவ்வளவு சீக்கிரம் காட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. பார்த்தவர்கள் இருக்கும் வரைதான் ஒரு கல்லுக்கு வக்காலத்து வாங்க ஆள் இருக்கும்.

இரண்டாம் இடம்: கன்ஹேரி

இப்போது பூங்காவுக்கு வருவோம். போரிவலி கிழக்கில் உள்ள நுழைவாயிலிலிருந்து கன்ஹேரிக் குகைகள் ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு மேல். கன்ஹேரி என்ற பெயரே கிருஷ்ணகிரி, அதாவது கரியமலை என்பதன் திரிபு. கி.மு. முதலாம் நூற்றாண்டு தொடங்கிச் சுமார் ஆயிரம் ஆண்டுகள் பௌத்த பிட்சுக்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். எல்லாம் ஒரே மலையில்.

இங்கே கல் மாறிவிடுகிறது. குகைச் சுவரை உற்றுப் பாருங்கள். ஒரே கறுப்பாக இராமல், கோணல்மாணலான சிறிதும் பெரிதுமான துண்டுகள் சாம்பல் நிறக் கலவையில் பதிந்திருக்கும். கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பது போல என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இதற்கு எரிமலைப் பிரெக்சியா என்று பெயர். அமைதியாக வழிந்த குழம்பு பசால்ட் ஆயிற்று. வெடித்துச் சிதறிய துண்டுகளும் சாம்பலும் குவிந்து இறுகியது பிரெக்சியா ஆயிற்று. ஜோகேஸ்வரி, மண்டபேஸ்வர், மகாகாளி குகைகளும் இந்த வகைக் கல்லில்தான் குடையப்பட்டிருக்கின்றன.

எங்கள் கேங் பெரியவர் தட்டியிருந்தால் இதை ‘பொத்’ என்று தள்ளியிருப்பார். ஜல்லிக்கு இது ஆகாது. தேயும், தண்ணீர் குடிக்கும். ஆனால் குடைவதற்கு இதுவே வசதி. கில்பர்ட் மலைத் தூண்களுக்குள் ஒரு மண்டபம் குடைவதாக வைத்துக்கொள்ளுங்கள். கூரை முழுவதும் தனித்தனிப் பென்சில் துண்டுகளாகத் தலையில் விழும். சுரங்கம் போட்டவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். பிரெக்சியாவில் அப்படி ஒழுங்கான வெடிப்புகள் குறைவு. உளியும் சுலபமாக இறங்கும். எல்லாக் குடைவரைகளும் இந்தக் கல்லில்தான் உண்டு என்று எண்ணிவிடக்கூடாது. அஜந்தா, கார்லா போன்றவை பசால்ட் அடுக்குகளிலேயே, வெடிப்பு குறைந்த இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் குடையப்பட்டவை. எங்கே குடைந்தாலும் முதல் வேலை கல்லைப் படிப்பதுதான் என்பதற்கு இவையெல்லாம் சாட்சி.

மூன்றாம் எண் குகையைக் கட்டாயம் பாருங்கள். அது வழிபாட்டு மண்டபம். சாதவாகன மன்னர் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காலத்தோடு, அதாவது கி.பி. இரண்டாம் நூற்றாண்டோடு தொடர்புடையது. முன்தாழ்வாரத்தின் இரு பக்கமும் இருபது அடிக்கு மேற்பட்ட புத்தர் சிலைகள் நிற்கின்றன, அவை பிற்காலத்தவை. உள்ளே தூண்களைக் கவனித்தால் சிலவற்றில் மட்டும் கலசமும் யானைகளும் செதுக்கியிருக்கும். மற்றவை வெறும் எட்டுப்பட்டைத் தூண்கள். முதலாம் எண் குகையும் முடிவு பெறாததே. முடியாத வேலை பொறியியல் மாணவனுக்கு ஒரு பொக்கிஷம். எந்த வரிசையில் வேலை நடந்தது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர்க் கணக்கு

கன்ஹேரியில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போவது தரையில் இருக்கும் சதுர ஓட்டைகளை. அநேகமாக ஒவ்வொரு குகைக்கு முன்னாலும் பக்கத்தில் ஒரு தொட்டி வெட்டியிருக்கிறார்கள். வாய் சிறியது, வயிறு பெரியது. வாய் சிறியதாக இருந்தால் வெயிலில் தண்ணீர் ஆவியாவது குறையும். மலையின் முதுகில் ஏறிப் பார்த்தால், மழைநீரைத் தொட்டிக்குத் திருப்பும் சிறு வாய்க்கால்கள் பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கும். கல்யாண், சோபாரா ஊர் வணிகர்கள் குகைகளையும் தொட்டிகளையும் தானமாகக் கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஒரு ஊர் இன்று மத்திய ரயில்வேயின் பெரிய ஜங்ஷன். மற்றது மேற்கு ரயில்வேயில் நாலா சோபாரா ஸ்டேஷன்.

இந்தத் தொட்டிகள் போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மும்பையில் ஆண்டு மழை சுமார் 2,200 மில்லிமீட்டர். அநேகமாக எல்லாம் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடுகிறது. பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலமுள்ள ஒரு பாறைப் பரப்பில் விழும் மழை 220 கன மீட்டர், அதாவது 2 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். பாதி வீணாயிற்று என்று கழித்தாலும் 1 லட்சத்து 10 ஆயிரம் லிட்டர் மிஞ்சும். ஒரு பிட்சுவுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், மழையில்லாத 240 நாளைக்கு 2,400 லிட்டர். தொட்டியில் இடம் மட்டும் இருந்தால், அந்தச் சிறு பாறைப் பரப்பே நாற்பத்தைந்து பேருக்குக் கோடை முழுவதும் தண்ணீர் கொடுக்கும். ஆற்றங்கரை தேடாமல் மலைமீது ஆயிரம் ஆண்டு வாழ்ந்த ரகசியம் இதுதான்.

மும்பை நகரமும் பிற்காலத்தில் இதே மலைகளிடம்தான் தண்ணீர் கேட்டது. பூங்கா எல்லைக்குள் இருக்கும் விகார் ஏரி 1860-லும், துளசி ஏரி 1879-லும் குடிநீருக்காக அமைக்கப்பட்டவை. இன்றும் அவை நகருக்குத் தண்ணீர் தருகின்றன.

எந்த மாதம் போவது?

நாம் கவலையோடு கவனிக்க வேண்டியதும் இந்தத் தண்ணீரையே. பாறை மழையைக் குடிக்காது. மேலே பெய்த மழை உடனே ஓடையில் இறங்கிவிடும். ரயில்வேயில் பாலம் கட்டுமுன், மலையின் கடைசி மூலையில் விழுந்த மழை பாலத்துக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிடுவோம். மண் நிறைந்த சமவெளியில் அது பல மணி நேரம். இத்தகைய பாறைச் சரிவில் சில நிமிடங்கள். கன்ஹேரிக் குகைகள் ஒரு ஓடையின் இரு மருங்கிலும் இருக்கின்றன. அக்கரைக்குப் போய் நிற்கும்போது மேலே ஒரு பலத்த மழை பெய்தால், திரும்பும் வழி தண்ணீருக்குள் போய்விடலாம். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை நாம் யாரும் மறக்க முடியாது. முன்சொன்ன நூறு சதுர மீட்டர் பாறையில் அன்று விழுந்திருக்கக்கூடிய தண்ணீர் மட்டும் 94 ஆயிரம் லிட்டர். அன்று பெருகிய மித்தி நதி விகார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் பிறப்பது. தஹிசர் நதியும் இந்த மலைகளிலிருந்தே வருகிறது.

ஆகவே என் யோசனை இது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். மழை ஓய்ந்த அக்டோபரின் பிற்பாதி முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். தொட்டிகளில் தண்ணீர் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தக் காலத்தின் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கரும்பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு நம்மைச் சுடும்.

மழைக்காலத்தில்தான் போவேன் என்கிற வாலிபர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். ஓடைக்குள் இறங்கிக் குளிக்க வேண்டாம். பாசி படிந்த பாறையில் செருப்பாகட்டும், வெறுங்காலாகட்டும், நம்பி வைக்க வேண்டாம். ஓடைநீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ, மேலே மழை பிடித்துவிட்டது என்று பொருள். படம் எடுத்துக்கொண்டு நிற்காமல், வீட்டுக்குத் திரும்பும் பாதை எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரைக்கு உடனே ஏறிவிடுங்கள். ஏற்கெனவே தண்ணீர் உயர்ந்துவிட்டால் கடக்க முயலவே வேண்டாம். இருக்கும் கரையிலேயே மேடான இடத்தில் காத்திருங்கள். சீக்கிரம் ஏறும் தண்ணீர், மழை விட்டால் சீக்கிரமே வடியும்.

பயண நிரல்

இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது இளைஞர்களுக்குச் சரி. குடும்பத்தோடு போகிறவர்கள் இரண்டாகப் பிரித்துக்கொள்வது நலம்.

முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் அந்தேரியில் இறங்கிக் கில்பர்ட் மலைக்கு ஆட்டோவில் போகலாம். மேற்கு வெயிலில் தூண்களின் விளிம்புகள் நன்றாகத் தெரியும். படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற வேண்டியதில்லை. பாடம் முழுவதும் கீழிருந்தே தெரியும். பாறையின் அடியை ஒட்டி நிற்காமல் தள்ளி நில்லுங்கள். தளர்ந்த கல் எப்போது விழும் என்று பாறை சொல்லிவிட்டு விடுவதில்லை. போர் காட்டில் ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன்பே ஆள்விட்டுத் தளர்ந்த பாறைகளைத் தேடித் தள்ளிவிடுவது இதற்காகத்தான்.

அடுத்த விடுமுறை நாளில் பூங்கா. திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். ஞாயிறன்று கூட்டம் அதிகம் என்பதால் என் போன்ற ஓய்வு பெற்றவர்கள் செவ்வாய், புதனில் போகலாம். காலை எட்டு மணிக்கெல்லாம் நுழைவாயிலில் இருந்தால் வெயிலுக்கு முன் குகைகளை அடையலாம். கன்ஹேரி தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் அதற்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும். கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை. முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும்போதே திரும்புவதற்குக் கடைசி பஸ் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குகைகளில் முதலில் 1, 2, 3 எண்கள். இவை நுழைவிடத்துக்கு அருகிலேயே இருப்பதால் முதியவர்களும் பார்க்கலாம். அவர்கள் அங்கேயே நிழலில் அமர்ந்துகொள்ளட்டும். மற்றவர்கள் ஓடைப் பக்கமாக ஏறி, நீண்ட கல் இருக்கைகள் உள்ள 11-ஆம் எண் தர்பார் குகையையும், வழியிலுள்ள தொட்டிகளையும் பார்த்துவிட்டு, பாறைப் படிகள் வழியே மலைமுதுகு வரை போய் வரலாம். 90-ஆம் எண் குகையில் கி.பி. 1009, 1021 ஆண்டுகளில் வந்த பார்சி யாத்திரிகர்கள் பஹ்லவி எழுத்தில் பொறித்த வரிகள் உள்ளன. அதைப் பார்த்து நம் பிள்ளைகளும் ஆணியை எடுத்துவிடக்கூடாது. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தச் சின்னங்களைச் சேதப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம். சுத்தியலால் தட்டிப் பார்க்கும் பரீட்சையும் இங்கே கூடாது. ஒரு சிறு கல்லைக்கூட எடுத்து வரலாகாது.

சாப்பாட்டை எவர்சில்வர் டிபனில் கொண்டு போங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். குரங்குகள் கண்ணெதிரில் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். இது சிறுத்தைகள் வாழும் காடு. ஆகவே பாதையை விட்டு விலகாமல், குழந்தைகளை நடுவில் விட்டு, கூட்டமாக நடக்க வேண்டும். மாலை மங்குவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். பூங்காவுக்குள் வார்லி முதலிய பழங்குடி மக்களின் குடியிருப்புகள் உண்டு. அவர்கள் வீட்டுப் பக்கம் அனுமதியின்றிப் போய்ப் படம் எடுப்பது மரியாதை ஆகாது.

பிள்ளைகளுக்குச் சில வினாக்கள்

பெரியவர்கள் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். பிள்ளைகளே வழிகாட்டிகளாகிவிடுவார்கள்.

1. கில்பர்ட் மலைத் தூண்களில் ஐந்து பக்கம் உள்ளவை அதிகமா, ஆறு பக்கம் உள்ளவை அதிகமா?

2. கன்ஹேரிச் சுவரில் பதிந்திருக்கும் துண்டுகளில் பெரியது உன் கையைவிடப் பெரியதா? முனைகள் கூரா, உருண்டையா? ஆற்றில் உருண்டு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

3. மூன்றாம் குகையில் செதுக்கி முடித்த தூண்கள் எத்தனை? முடியாதவை எத்தனை?

4. ஒரு தொட்டியைத் தேர்ந்தெடு. அதற்குத் தண்ணீர் எந்தப் பாறையிலிருந்து, எந்த வாய்க்கால் வழியாக வருகிறது என்று கண்டுபிடி.

5. அந்தப் பாறையின் நீளத்தையும் அகலத்தையும் காலடியால் அளந்து, ஆண்டு மழையால் பெருக்கினால் எத்தனை லிட்டர்?

நான்காவது வினாவுக்கு விடை தேடி மலைமுதுகில் குனிந்து நடக்கும் பிள்ளைக்குக் கைபேசி நினைவு வராது என்பது என் பேரனிடம் நான் கண்ட உண்மை. விடைகளை நம் இதழுக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வரும் நவம்பரில் பத்துக் குடும்பங்களாவது சேர்ந்தால், ஒரு செவ்வாய்க்கிழமை போரிவலி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஜல்லியிலிருந்து பாடத்தைத் தொடங்க நான் தயாராக இருக்கிறேன்.